கிரீன் பேயின் மூன்றாண்டுக் கணக்கு

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கிரீன் பே நகரில், லாம்போ மைதானத்தை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த மேடையின்மேல், அந்தக் கோடையில் ஓய்வுபெறவிருந்த, பேக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்துக் குழுவின் தலைவர் மார்க் மர்ஃபி ஏறி நின்று, டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர் மாத்யூ கோல்டனின் பெயரை வாசித்தபோது, கூடியிருந்த ஜனத்திரள் எழுப்பிய ஆரவாரம் அந்த இளைஞரின் திறமைக்காக மட்டும் எழுந்ததன்று. 23 ஆண்டுகளாக உள்ளே அடங்கிக் கிடந்த ஓர் ஏக்கமும் அதில் கலந்திருந்தது. 2002-ஆம் ஆண்டில் ஜாவோன் வாக்கரை எடுத்த பிறகு, ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கும் ‘வைட் ரிசீவர்’ ஒருவரைப் பேக்கர்ஸ் குழு முதற்சுற்றில் தேர்ந்தெடுத்ததே இல்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் வசிக்கும் அந்த ஊருக்கு, அந்த மூன்று நாட்களில் வந்து போனவர்களின் கணக்கு 6 லட்சம் என்றால், இந்தத் தேர்வு வைபவத்தின்மேல் அமெரிக்க ரசிகர்களுக்கு இருக்கும் மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

‘டிராஃப்ட்’ என்று அவர்கள் வழங்கும் இந்த ஏற்பாட்டை, ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் சற்று நிதானித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே பணத்தை உயர்த்திக் கூவுவார் ஒருவரும் இல்லை. முறை வைத்துப் பெயர் சொல்வதுதான் உண்டு. முந்தைய பருவத்தில் யார் மிகவும் தோற்றார்களோ அவர்களுக்கு முதல் முறை. வாகை சூடியவர்களுக்குச் சுற்றின் கடைசி முறை. 32 குழுக்களும் இவ்வாறு 7 சுற்றுகள் வருகின்றன. பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகளாவது கழிந்த கல்லூரி வீரர்களே தேர்வுக்கு உரியவர்கள். செல்வமுள்ள குழுக்களே நல்ல வீரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போவதைத் தடுப்பதற்காக, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குழுவின் உரிமையாளரான பெர்ட் பெல் சொன்ன யோசனையின்படி 1936-இல் முதன்முதலாக இது நடந்தது. அன்று முதற்பெயராக வாசிக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் கால் வைக்காமலே வேறு வேலைக்குப் போய்விட்டார் என்பது, இந்தத் தேர்வின் ஜாதகத்தை ஆரம்பத்திலேயே எழுதிவைத்தாற்போன்ற விசேஷம்.

குழுவுக்குக் குழு ஊதியச் செலவில் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு 1994 முதல் அமலில் இருக்கிறது. 2011-க்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட புதியவருக்கு அவர் எந்த முறையில் எடுக்கப்பட்டாரோ அதற்கேற்ற ஊதியம் ஏறக்குறைய வரையறுக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள், முதற்சுற்றில் வந்தவரானால் ஐந்தாம் ஆண்டையும் நீட்டிக்கொள்ளும் உரிமை குழுவுக்கு உண்டு. ஆகையால், குறைந்த ஊதியத்தில் நன்றாக ஆடும் இளைஞர் ஒருவர் அகப்பட்டால், அவரால் மிச்சமாகும் தொகையைக் கொண்டு விலையுயர்ந்த வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். முறையே ஒரு பண்டமாகிவிடுவதும் இதனால்தான்: இந்த ஆண்டு முறையைக் கொடுத்து அடுத்த ஆண்டு முறையை வாங்கலாம், இரண்டு தாழ்ந்த முறைகளைக் கொடுத்து உயர்ந்த ஒன்றைப் பெறலாம்.

பேக்கர்ஸ் குழுவுக்கு இந்தத் தேர்வு மற்றவர்களுக்கு இருப்பதைக் காட்டிலும் ஒரு படி கூடுதலாக முக்கியமானது. 1919-இல் கர்லி லாம்போ என்பவர் முன்னின்று தொடங்கி, 1923 முதல் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்று நடந்துவரும் அக்குழுவுக்கு முதலாளி என்று ஒரு தனிமனிதர் கிடையாது. 5 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லாபப் பங்கும் இல்லை, பங்கை விற்று ஆதாயம் காணவும் வழியில்லை. சட்டம் போட்டு மாட்டிவைத்த பத்திரமும், ‘நம்முடைய குழு’ என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதையுமே மிச்சம். நஷ்டம் வந்தால் கைப்பணத்தைக் கொட்டுவதற்குக் கோடீசுவரர் எவரும் இல்லாத, பெரிய பட்டணத்து வீரர்களை ஆசைகாட்டி இழுக்க முடியாத, பனிபெய்யும் சிற்றூர்க் குழு, தன் தோட்டத்தில் தானே பயிரிட்டு உண்ணப் பழகிக்கொண்டது. அதன் உழவுமாடு இந்தத் தேர்வுதான்.

பழைய மரம் சாய்வதற்கு முன்னரே அதனடியில் கன்று நடுவது இவர்களுடைய சம்பிரதாயம். 2005-இல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ ஸ்தானத்தில் பிரெட் ஃபார்வ் என்னும் பெரும்புகழ் வீரர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, மேலாளர் டெட் தாம்ப்சன் 24-ஆம் முறையில் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தார். 2020-இல், ராட்ஜர்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே, தாம்ப்சனுக்குப் பின்வந்த மேலாளர் பிரையன் கூட்டகுன்ஸ்ட், நான்காம் சுற்று முறை ஒன்றைக் கூடக் கொடுத்து 30-ஆம் இடத்திலிருந்து 26-ஆம் இடத்துக்கு ஏறி ஜோர்டன் லவ்வை எடுத்தார். அந்த இரவு ரசிகர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. அதே ஆண்டு ஜனவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே நின்று தோற்ற குழு, பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று எல்லோரும் கதறிக்கொண்டிருக்க, மூன்று ஆண்டுகள் பெஞ்சியில் உட்காரப்போகும் ஒரு பையனை எடுத்திருக்கிறதே என்று நானும் நொந்துகொண்டவர்களில் ஒருவன். 2023-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்குப் போய்விட, லவ் தாம் முதன்முதலாகப் பொறுப்பேற்ற அந்தப் பருவத்திலேயே டல்லாஸ் நகருக்குப் போய், 2024 ஜனவரி 14-ஆம் தேதி 48-க்கு 32 என்று வென்று திரும்பியபோதுதான், ஒரு தேர்வின் மதிப்பை அது நடந்த இரவில் எழுதக்கூடாது என்னும் பாடம் எனக்கு ஏறிற்று. மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்ப்பதே நியாயம் என்று அன்று முதல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அளவுகோலைக் கொண்டு 2022-ஐ எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. முதற்சுற்றில் 22-ஆம், 28-ஆம் முறைகளில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் இருவரை, குவே வாக்கரையும் டெவான்டே வையட்டையும், எடுத்தார்கள். இருவரும் பயன்பட்டார்கள், ஆனால் எவரும் குழுவின் தூண் என்று சொல்லும்படி வளரவில்லை. தூண்கள் கீழே கிடைத்தன. நான்காம் சுற்றில் 132-ஆம் முறையில் ரிசீவர் ரோமியோ டப்ஸ். அதே சுற்றில் 140-ஆம் முறையில் சாக் டாம். ஏழாம் சுற்றில், கூட்டம் கலைந்து விளக்கணைக்கும் வேளையில், 249-ஆம் முறையில் ரஷீத் வாக்கர். லவ்வின் வலப்புறத்தையும் இடப்புறத்தையும் காக்கும் காவலர்களாக இந்தப் பின்னிரண்டு பேரும் அமைந்தார்கள். சாக் டாமுக்கு 2025 ஜூலை மாதம் நான்கு ஆண்டுகளுக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 139 பேர் கடந்துபோன பிறகு எடுக்கப்பட்டவருக்கு இது என்பதை மறக்கலாகாது.

2023-ஆம் ஆண்டின் கணக்கும் ஏறக்குறைய இதே ரீதியில் செல்கிறது. 13-ஆம் முறையில் வந்த லூகாஸ் வான் நெஸ் மெள்ளத்தான் முளைத்தார். எதிரியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டிய ‘டைட் எண்ட்’ ஸ்தானத்துக்கு 42-ஆம் முறையில் லூக் மஸ்கிரேவும், அதே ஸ்தானத்துக்கு 78-ஆம் முறையில் டக்கர் கிராஃப்டும் வந்தார்கள். தம்பியாக வந்தவர் அண்ணனை முந்திக்கொண்டு, 2024 பருவத்தில் 50 பந்துகளைப் பிடித்து 707 கஜம் ஓடினார். 50-ஆம் முறையில் வந்த ஜெய்டன் ரீட், முதல் ஆண்டிலேயே 64 பந்துகளைப் பிடித்து, புதியவர்களுக்கான குழுச் சாதனையை முறியடித்தார். அதுவரை அந்தச் சாதனை 1988-இல் ஸ்டெர்லிங் ஷார்ப் பிடித்த 55 ஆக இருந்தது.

அந்த ஆண்டின் ஆறாம் சுற்றைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். ஏனெனில் இந்தத் தேர்வின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு சுற்றில் அடங்கியிருக்கிறது. 179-ஆம் முறையில் பவுலிங் கிரீன் கல்லூரியின் கார்ல் புரூக்ஸ் என்னும் தடித்த தற்காப்பு வீரரையும், 207-ஆம் முறையில் ஆண்டர்ஸ் கார்ல்சன் என்னும் உதைப்பவரையும் எடுத்தார்கள். 2024 ஜனவரி 20-ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோ குழுவுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில், பேக்கர்ஸ் 21-க்கு 17 என்று முன்னணியில் நிற்க, ஆறு நிமிடங்களும் சில விநாடிகளுமே பாக்கியிருக்க, கார்ல்சன் 41 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு இடப்புறமாக விலகிச் சென்றது. எதிரிகள் அதன்பின் களம் முழுவதும் நடந்து வந்து எல்லையைத் தொட்டு, 24-க்கு 21 என்று வென்றார்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் கார்ல்சன் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி சிகாகோவில், பேக்கர்ஸ் 20-க்கு 19 என்று ஒரே ஒரு புள்ளி முன்னிற்க, ஆட்டத்தின் கடைசி உதையாக 46 கஜ தூரத்திலிருந்து சிகாகோ வீரர் உதைத்தபோது, முன்வரிசையை நெருக்கிக்கொண்டு உள்ளே புகுந்த கார்ல் புரூக்ஸின் கை மேலெழுந்து, விரல் பட்டு, பந்து திசைமாறி விழுந்தது, வெற்றி நிலைத்தது. ஒரே சுற்று, ஒரே மேலாளர், இரண்டு உதைகள். ஒன்று ஒரு பருவத்தைப் பறித்தது, மற்றொன்று ஒரு வெற்றியைக் காத்தது. இதை முன்கூட்டி அறிந்து எழுதும் சோதிடர் எவரும் இல்லை.

மேலே எடுத்ததெல்லாம் மேன்மையாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் இக்குழுவின் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1989-இல் இரண்டாம் முறையைக் கையில் வைத்துக்கொண்டு டோனி மாண்டரிச்சை எடுத்தார்கள். அந்த ஆண்டில் முதல் ஐவருள் மற்ற நால்வரும், டிராய் எய்க்மன், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ் ஆகியோர், பிற்காலத்தில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள்; மாண்டரிச் ஒருவரே கிரீன் பேயின் நினைவில் ஒரு பெருமூச்சாக நின்றுபோனார். இதற்கு மாறாக, 1956-இல் 17-ஆம் சுற்றில் 200-ஆவதாக எடுக்கப்பட்ட பார்ட் ஸ்டார்தான் முதல் இரண்டு சூப்பர் பவுல் வெற்றிகளையும் ஊருக்குக் கொண்டுவந்தார்.

2024-இல் முதற்சுற்றில் வந்த ஜோர்டன் மார்கனின் முதற்பருவம் தோள் காயத்தால் குன்றியது. 88-ஆம் முறையில் வந்த மார்ஷான் லாய்டு ஒரே ஓர் ஆட்டத்தோடு படுத்துவிட்டார். ஆயினும் 45-ஆம் முறையில் வந்த எட்ஜரின் கூப்பரும், நான்காம் சுற்றில் 111-ஆம் முறையில் வந்த எவன் வில்லியம்ஸும் தற்காப்புக்கு ஒரு துடிப்பை அளித்தார்கள். இது இன்னும் முதிராத பயிர்.

இப்போது கோல்டனிடம் திரும்பலாம். 40 கஜத்தை 4.29 விநாடியில் ஓடி, இண்டியானாபோலிஸ் பரீட்சைக் களத்தில் அந்த ஆண்டின் ரிசீவர்களில் முதல்வராக விளங்கியவர் அவர். 23 ஆண்டுகள் முதற்சுற்றில் ரிசீவரைத் தேடாத குழுவுக்குப் பந்து பிடிப்பவர்கள் இல்லாமற் போயிருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவாண்டே ஆடம்ஸ் ஆகிய நால்வரும் இரண்டாம் சுற்றில் கிடைத்த மாணிக்கங்கள். மலிவாக வாங்கத் தெரிந்தவர்கள் ஏன் திடீரென்று உயர்ந்த விலை கொடுத்தார்கள் என்பதே கேள்வி. அதே தேர்வில் 87-ஆம் முறையில் சாவியன் வில்லியம்ஸ் என்னும் மற்றொரு ரிசீவரையும் எடுத்ததைச் சேர்த்துப் பார்த்தால், பொறுத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது என்று நிர்வாகம் தீர்மானித்திருந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் மாதம் அந்த அபிப்பிராயம் உறுதிப்பட்டது. 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று முறைகளையும், 2016-இல் தாங்களே முதற்சுற்றில் எடுத்து வளர்த்த கென்னி கிளார்க்கையும் டல்லாஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, முதல் நான்கு பருவங்களிலும் ஆண்டுக்கு 12-க்குக் குறையாமல் எதிரி குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய மைக்கா பார்சன்ஸை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் எழுதினார்கள். விதைநெல்லை விற்று அறுத்த நெல்லை வாங்கிய காரியம் இது. டிசம்பரில் டென்வர் ஆட்டத்தில் பார்சன்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தபோது, அறுத்த நெல்லுக்கும் மழை உண்டு என்பது தெரிந்தது.

என் தீர்ப்பு இது. கூட்டகுன்ஸ்ட் முதற்சுற்றில் எடுத்தவர்களுள் லவ் ஒருவரே ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி. ஆனால் மூன்றாம் சுற்றுக்குக் கீழே அவர் கண்டெடுத்த ஆட்களைக் கொண்டே இந்தக் குழு நிற்கிறது. ஆகவே முதற்சுற்று முறைகள் இரண்டைக் கொடுத்துவிட்டதற்காக நான் அதிகம் வருந்தவில்லை. கீழ்ச்சுற்றுகளில் ஒன்றைக்கூட அவர் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. கோல்டனின் கணக்கை 2028 ஏப்ரலில் பார்ப்போம். அதற்கு முன் தீர்ப்பு எழுதுபவர்களை நம்பவேண்டாம்.