1976 வரை ஜாகீர்தார் ராஜ்ஜியம்! கல்வராயன் மலையில் நடந்தது என்ன?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, பக்கத்தில் உள்ள கல்வராயன் மலையின் பெயரும் அடிபட்டது. சாராயம் காய்ச்சும் இடம் என்றே பலருக்கும் அது தெரியும். ஆனா அந்த மலைக்கு வேறொரு கதையும் இருக்கு.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அங்கே பரம்பரை ஜாகீர்தார்கள்தான் ராஜா மாதிரி. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை இது என்பது செவிவழிச் செய்தி.

பட்டம்னா வெறும் மரியாதை இல்லை. மலையில் உழுது பிழைத்த பழங்குடியினர் ஜாகீர்தாருக்கு வரி கட்டணும்; கூலி இல்லாமல் அவர் நிலத்தில் வேலையும் பார்க்கணும். இவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவோடு குழப்பிக்க வேண்டாம், பேசுவது தமிழ்தான்.

பெரிய சமஸ்தான மன்னர்களின் மானியத்தையே 1971-ல் இந்திரா காந்தி அரசு ஒழித்துவிட்டது. கல்வராயன் ஜாகீர்தார்களின் ஆட்சி முடிந்ததோ 1976-ல், எமர்ஜென்சி காலத்தில்.

கருணாபுரம் சம்பவத்துக்குப் பின், இந்த மலை மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அவர்கள் முதன்முதலில் ஓட்டு போட்டதே 1996-ல்தான் என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது.