மலைச் சைக்கிளும் நம் வழியும்

சென்ற ஆண்டு எம் தந்தையார் மணிலாக் கொட்டை விற்ற பணத்தில் எமக்கொரு மலைச் சைக்கிள் வாங்கித் தந்தனர். பருத்த டயரையும் முன்னும் பின்னும் அமைந்த சுருள்விற்களையும் கண்டு மயங்கி யாமே அதனை விரும்பினோம். விடுமுறையிலே கீழ்பென்னாத்தூரினின்று திருவண்ணாமலைக்கு மிதித்த முதல் நாளே பிழை விளங்கிற்று. மிதிக்குந்தோறும் பின்வில் அமிழ்ந்து எம் வலிமையை உண்டது. டயரின் முடிச்சுகள் தார்ச்சாலையில் இரைந்தனவேயன்றி விரைவு தந்தில.

இவ்வண்டியின் பிறப்பை அறிந்திருப்பின் ஏமாந்திரோம். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர், பழைய பருத்த டயர் வண்டிகளில் மலைச்சரிவிலே பாய்ந்திறங்கிப் பந்தயமிட்டனர். ஒருமுறை இறங்கியதும் பிரேக்கின் மசகு வெந்து புகையாகும். மீண்டும் மசகு அடைக்க வேண்டும். அதுபற்றியே அச்சரிவுக்கு ‘ரீபேக்’ என்று பெயராயிற்று. இறங்குதற்குப் பிறந்த வண்டி சமவெளியில் இடர்ப்படுதல் வியப்பன்று!

ஆதலின், வாங்கப் புகுவோர் வண்டியை நோக்குமுன் தம் வழியை நோக்குக. ஏரிக்கரையிலும் வண்டிப்பாட்டையிலும் செல்வார்க்கு, 100 மில்லிமீட்டர் அமிழும் முன்வில் ஒன்றே சாலும். சவ்வாது மலைச்சாலையில் ஏற விழைவார்க்கு முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரியதும் வேண்டும். பாறைச் சரிவில் பாய்வார்க்கே இருவில் வண்டி. நம்மூரில் அத்தகையார் எவருளர்? வண்டியின்மேல் கால்பரப்பி நின்றால், மேற்குழாய்க்கும் தொடைச்சந்துக்கும் இடையே 2 அங்குலமேனும் வெளியிருத்தல் வேண்டும்.

யாம் முடிச்சில்லா டயர் மாற்றிக்கொண்டோம். பின்வில்லைப் பற்றித் தந்தையாரிடம் இன்னும் கூறினோமல்லோம்.