அரக்கோணத்திலிருந்து ஆறு டிகிரி நீர்வழிக்கு

அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் லோக்கலில் போகிறவர்கள் பலருக்கு, அந்தப் பாதையின் கடைசியில் கடற்படைத் தளம் ஒன்று இருப்பது வியப்பாக இருக்கும். கடலே இல்லாத ஊரில் ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் இயங்குகிறது. 2013இல் வந்த பி-8ஐ விமானங்கள் கடலில் ஒலியுணர் மிதவைகளைப் போட்டு, நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்டு அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும்.

தளத்திலிருந்து 2,200 கி.மீ. போனாலும் இந்த விமானம் அங்கே சுமார் நான்கு மணி நேரம் சுற்றித் தேடும். பிறகு எரிபொருளுக்காகத் திரும்பியே ஆக வேண்டும். தீவுத் தளம் எதற்கு என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடைப்பட்ட ஆறு டிகிரி நீர்வழியைக் கடக்கின்றன. அரக்கோணத்திலிருந்து அது ஏறத்தாழ 1,700 கி.மீ.; போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மிச்சமாகும் நேரமெல்லாம் தேடலுக்குத்தான். அதனால்தான் 2001இல் அங்கே முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் அமைந்தது. 2012இல் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ் விமானத் தளம் வந்தது.

தளமே இல்லாத கப்பல் படும் பாட்டுக்கு எம்டனே சாட்சி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்த ஜெர்மன் கப்பலுக்கு, இந்தியப் பெருங்கடலில் ஒதுங்க ஒரு துறைமுகமும் இல்லை. பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் நிலக்கரி எடுத்தது. அக்டோபரில் டியேகோ கார்சியாவில் நின்று அடிப்பாகத்தைச் சுத்தம் செய்துகொண்டது. முதல் உலகப் போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. நிலையத்தார் அதற்குள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். விரைந்து வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அன்றே முடித்துவிட்டது. செய்தி அனுப்ப வழியுள்ள சின்னத் தீவும் ஒரு படைக்குச் சமம்.

தீவுத் தளத்துக்குப் பலவீனமும் உண்டு. எரிபொருள் முதல் உதிரிப் பாகம் வரை பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். 2004 சுனாமி கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைச் சிதைத்தது. படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்னொரு விலையும் இருக்கிறது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, பிரிட்டன் 1968 முதல் 1973 வரை அது அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்களை மொத்தமாக வெளியேற்றியது. நம் தீவுகளிலும் பழங்குடிகள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அவர்களில் ஷோம்பென் மக்கள் வெறும் 229 பேர்; அவர்களின் வீடு கிரேட் நிக்கோபார் காடு. அங்கே தளத்தை விரிவாக்கித் துறைமுகம் கட்டும்போது அவர்களுக்கு அந்த அநீதி நேர நாம் விடக் கூடாது.