டாப்சோனியன்: பெரிய ஆடிக்கு ஓர் எளிய பெட்டி

வானத்தை ஆர்வத்தால் நோக்குவோர் இன்று விரும்பி வாங்குகிற, சில வேளைகளில் தாமே செய்துகொள்கிற தொலைநோக்கிகளில் டாப்சோனியன் வகைக்குத் தனியிடம் உண்டு. ஒளியியலைப் பொறுத்தவரை அதில் புதுமை ஏதுமில்லை. நியூட்டன் 1668இல் செய்த கருவியைப் போலவே, குழலின் அடியிலுள்ள குழியாடி விண்மீன் ஒளியைத் திரட்டி மேலே அனுப்ப, வாயருகே சாய்த்துப் பொருத்திய சிறு தட்டையாடி அதைப் பக்கவாட்டிலுள்ள கண்ணருகு வில்லைக்குத் திருப்புகிறது. புதுமை முழுவதும் குழலைத் தாங்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

புவியின் சுழல் அச்சுக்கு இணையான அச்சைக் கொண்ட தாங்கி, அதை மட்டும் சுழற்றியே விண்மீனைப் பின்தொடர உதவும் என்பதால், நல்ல தொலைநோக்கிக்கு அதுவே இன்றியமையாதது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஆடி பெரிதாகப் பெரிதாக அத்தாங்கியின் கனமும் விலையும் ஏறிக்கொண்டே போகும். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944இல் சேர்ந்த ஜான் டாப்சன் (1915–2014), கையில் காசில்லாத துறவியாக இருந்தபடியே, கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழலும் பிளைவுட்டும் கொண்டு தொலைநோக்கிகள் செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்த பின், அவற்றைத் தெருவோரத்தில் நிறுத்திப் போவோர் வருவோர்க்கெல்லாம் நிலவையும் சனியையும் காட்டினார்.

அவருடைய தாங்கியில் பெட்டி கிடைமட்டமாகச் சுழலும், குழல் தன் இருபுறமுள்ள வட்டத் தட்டுகளின் மேல் ஏறி இறங்கும், அவ்வளவே. இதன் நுட்பம் உராய்வில் அடங்கியிருக்கிறது. சாதாரணப் பரப்புகளில், நிற்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்ததை நகர்த்தத் தேவையானதைவிட அதிகம் என்பதால், குழல் முதலில் அடம்பிடித்துப் பிறகு சட்டெனத் துள்ளி, காண வேண்டிய பொருளைத் தாண்டிவிடும். டெஃப்லான் துண்டுகள் சொரசொரப்பான ஃபார்மிக்கா தகட்டின் மேல் வழுக்கும்போது இவ்விரு விசைகளுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே விரலால் தள்ளினால் குழல் நகர்கிறது, விட்ட இடத்தில் பூட்டுத் திருகு எதுவுமின்றி நிற்கிறது.

தாங்கியில் மிச்சமான பணம் ஆடிக்குப் போகிறது என்பதே இவ்வமைப்பின் பெரும்பேறு. எட்டு அங்குல ஆடி, இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணியைவிட ஏறத்தாழ 800 மடங்கு ஒளியைத் திரட்டுவதால், வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரியும் ஒமேகா சென்டாரி கொத்து, அதில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரிகிறது.

வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால் குழலை அடிக்கடி கையால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நேர ஒளிப்படம் எடுக்க எளிய டாப்சோனியன் ஏற்றதன்று. உச்சிவானத்திலோ, குழல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், பெட்டியை வெகுவாகத் திருப்பினாலும் நோக்கும் திசை சிறிதளவே மாறும். அங்குள்ள பொருளைக் காண விரும்புவோர், அது மேற்கே சற்றுச் சாயும் வரை ஒரு மணி நேரம் பொறுத்திருப்பதே நல்லது.