மழை தரும் டிராகன்

“டிராகன்” என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜியார் ஈட்டியால் குத்தும் அந்தப் பயங்கர மிருகம் அல்லவா? வாயில் நெருப்பு, முதுகில் சிறகு, கண்ணில் கொடுமை! மேல்நாட்டுக் கதைகளில் டிராகன் கொல்லப்பட வேண்டிய பகைவன். ஆனால் தோழியரே, சீனாவிலும் ஜப்பானிலும் மக்கள் டிராகனைத் தூக்கி, மேளம் கொட்டி, தெருத்தெருவாக அழைத்து வருகிறார்கள். ஏன் இந்த வேற்றுமை?

சீனர்கள் டிராகனை ‘லுங்’ என்பர். மான் கொம்பும், ஒட்டகத் தலையும், கெண்டை மீனின் செதிலும், கழுகின் நகமும் கொண்டது அது. பெரும்பாலும் அதற்குச் சிறகு கிடையாது. ஆயினும் மேகங்களிடையே பறக்கும். அது ஆள்வது நெருப்பை அன்று, நீரை! ஆறு, கடல், மேகம், மழை யாவும் அதன் பொறுப்பு. மழை பொய்த்தால் பஞ்சம். அளவு மீறினால் வெள்ளம். ஆகவே குடியானவனுக்கு டிராகனிடம் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. முற்காலத்தில் வறட்சி நீடித்தால், கிராமத்தார் டிராகன் அரசனின் சிலையைக் கோவிலிலிருந்து எடுத்து வந்து வெயிலில் வைத்துவிடுவார்களாம். “எங்கள் துன்பத்தை நீயும் சற்று அனுபவித்துப் பார்” என்பது அதன் பொருள். கேட்பதற்கு வேடிக்கைதான், ஆனால் வாடிய பயிரைக் கண்டவர்களின் வேதனை அதில் தெரிகிறது.

இந்த மழை வேண்டுதல் கடல் கடந்து ஜப்பானுக்கும் சென்றது. அந்நாளில் ஜப்பான் அயல்நாட்டாருக்குக் கதவை அடைத்திருந்தது. சீன, டச்சு வணிகர்கள் நாகசாகி துறைமுகத்திற்கு மட்டுமே வரலாம். 1689-ல் அங்கே சீனர்களுக்கென்று தனிக் குடியிருப்பு அமைந்தது. அதன் அருகில் வாழ்ந்த காகோமாச்சி மக்கள் சீனர்களிடமிருந்தே டிராகன் நடனத்தைக் கற்றுக்கொண்டனர் என்பர். நாகசாகியில் 1634-ல் தொடங்கிய ‘குன்சி’ திருவிழா அக்டோபர் 7 முதல் 9 வரை நடைபெறும். ஒவ்வொரு பேட்டைக்கும் ஏழாண்டுகளுக்கு ஒருமுறையே ஆடும் முறை வரும். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள டிராகனைப் பத்துப் பேர் கோல்களில் ஏந்தி ஆடுவர். முன்னே ஒருவர் பொன் உருண்டை ஒன்றை ஆட்டிக்கொண்டு ஓடுவார். அந்த உருண்டைதான் நிலவு! டிராகன் அதை விழுங்கினால் வானம் இருளும், மழை பொழியும் என்பது நம்பிக்கை. ஆட்டம் முடிந்தால் கூட்டம் விடாது. “மொத்தேகோய்!”, அதாவது “கொண்டு வா!” என்று கூவி மீண்டும் ஆடச் சொல்லும்.

மழைக்கு மட்டுமா டிராகன்? நோய் நீங்கவும் அதை அழைத்தவர்கள் உண்டு. ஹாங்காங்கில் டாய் ஹாங் என்ற சிற்றூரில் 1880-ல் கொள்ளைநோய் பரவியதாம். நெருப்பு டிராகனை ஆடச் செய்து வெடி கொளுத்தினால் நோய் விலகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கனவு கண்டாராம். அவ்வாறே ஆடினர், நோயும் நீங்கியது என்பது ஊரார் கூறும் வரலாறு. இன்று அந்தச் சிற்றூர் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. எனினும் இலையுதிர் கால நிலாத் திருவிழாவில், புல்லால் செய்து ஆயிரக்கணக்கான ஊதுபத்திகள் செருகிய 67 மீட்டர் டிராகன், சுமார் 300 பேர் கைகளில் புகை சூழ வலம் வருகிறது.

கீழ்நாட்டு டிராகன்கள் எல்லாம் நல்லவை என்று எண்ணிவிட வேண்டாம். 712-ல் எழுதப்பட்ட ‘கொஜிகி’ என்னும் ஜப்பானிய நூலில் எட்டுத் தலை நாகம் ஒன்று வருகிறது. ஒரு முதியவரின் ஏழு பெண்களை விழுங்கிவிட்டு, எட்டாவது பெண்ணுக்காகக் காத்திருக்கிறது. சுசனோவோ என்ற வீரத் தெய்வம் அதற்கு மது வைத்து மயக்கி, வெட்டி வீழ்த்துகிறான்.

இவற்றைப் படித்தபின் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. பஞ்சமும் நோயும் தனி ஒருவரால் தாங்க முடியாதவை. அந்த மக்கள் தம் அச்சத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை; ஊரே கூடித் தூக்கி, வீதிக்குக் கொண்டு வந்து ஆடினார்கள். டிராகனைச் சுமப்பவர்களில் ஒருவர் தடுமாறினாலும் உடல் முழுவதும் குலையும். ‘ஊர் கூடித் தேர் இழு’ என்ற நம் பழமொழியின் பொருளும் இதுவே அன்றோ!