தண்ணீருக்குள் ஓர் இறக்கை

பெரிய பட்டம் ஒன்று கடலில் ஒருவரை இழுத்துச் செல்கிறது. அவர் நிற்கும் பலகையோ நீரைத் தொடவே இல்லை! பலகையின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் தண்டின் நுனியைப் பாருங்கள். ஆகாய விமானத்துக்கு இருப்பதுபோல் அங்கே ஓர் இறக்கை இருக்கிறது. இதுதான் ஹைட்ரோஃபாயில். 1906-லேயே இத்தாலியின் ஃபோர்லானினி இத்தகைய படகை ஓட்டிக் காட்டினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பட்டச் சவாரியும் ஒரு போட்டியாயிற்று.

இறக்கை எப்படித் தூக்குகிறது? குழாயிலிருந்து மெல்லிய நீர்த்தாரை விழட்டும். கரண்டியின் காம்பைத் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகைத் தாரையில் படும்படி வையுங்கள். கரண்டி விலகாது, தாரைக்குள் இழுபடும். வளைந்த முதுகை ஒட்டி ஓடும் நீர் ஒரு பக்கம் திரும்புகிறது. கரண்டி எதிர்ப்பக்கம் நகர்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! அவ்வாறே இறக்கை நீரைக் கீழே திருப்ப, நீர் இறக்கையை மேலே தள்ளுகிறது.

நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. எனவே 75 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கை, வினாடிக்கு 4 மீட்டர் வேகத்திலேயே ஆளும் பலகையுமாக 80 கிலோவைத் தூக்கிவிடும். காற்றில் அதே எடையைத் தூக்க அதற்கு மணிக்குச் சுமார் 400 கி.மீ. வேகம் வேண்டும்!

இந்த இறக்கையை வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. மரச் சட்டங்களை ஒட்டி இழைக்கிறார்கள். முன்விளிம்பு உருண்டும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்கும். அகலம் 20 செ.மீ. என்றால் கனம் சுமார் 2.4 செ.மீ. அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைச் சுற்றி எபாக்சி பிசின் பூசுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நடுப்பகுதியின் வலிமை. தண்டு நடுவில் பிடித்திருக்க, நீர் இரு புறமும் 40 கிலோ அளவுக்கு மேலே வளைக்கிறது. அப்போது மேல்தோல் நசுங்கப் பார்க்கும், அடித்தோல் இழுபடும். இரண்டையும் விலக்கி வைப்பது நடுவிலுள்ள மரம். ஒரே அகலமுள்ள மரச் சட்டத்தின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்காகும். நடுவில் கனம் குறைந்தால் இறக்கை ஓட்டத்தின்போதே முறியலாம். உடைந்த இழைகள் கத்திபோல் கிழிக்கும். ஆகவே பெரியவர் துணையின்றி இதில் இறங்க வேண்டாம். பிசினைத் தொடக் கையுறையும், தேய்க்கும்போது முகமூடியும் அவசியம்.

இரு பாதிகளின் சாய்வும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று சற்றே முறுக்கியிருந்தாலும் பலகை ஒரு பக்கம் கவிழப் பார்க்கும்.

ஒரு கேள்வி: வேகம் இரண்டு மடங்கானால், சாய்வு மாறாதவரை, தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆனால் ஆளின் எடை மாறவில்லையே! பலகை நீரைவிட்டு எகிறிவிடாமல் இருக்க அவர் என்ன செய்வார்? யோசியுங்கள். விடை இறக்கையின் சாய்வில் இருக்கிறது.