டிராக்டரும் டிரெய்லரும்: எடைமேடை சொல்லும் பாதுகாப்பு

கடனாநதியின் நீரால் நெல் விளையும் ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில், கார், பிசானம் ஆகிய பருவங்களின் அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளும் வைக்கோலும் பெரும்பாலும் டிராக்டர் இழுக்கும் டிரெய்லர்களிலேயே களத்தை விட்டுப் புறப்படுகின்றன. 1960இல் டாஃபே டிராக்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் பிறந்ததும் இவ்வூரில்தான். மேலைநாடுகளில் தங்கும் வசதியுள்ள வண்டியைக் காரின் பின்னால் கட்டி இழுப்போர், பயணத்திற்கு முன் இரண்டையும் எடையிட்டுப் பார்க்கும் முறையின் அடிப்படை இந்த டிராக்டர்களுக்கும் பொருந்தும்.

ஓர் அச்சும் இரு சக்கரங்களும் உள்ள டிரெய்லரில் ஏற்றும் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களின் மீதே இறங்குவதில்லை. ஒரு பகுதி, இரு வண்டிகளையும் பிணைக்கும் கொக்கியின் வழியே டிராக்டரைச் சேர்கிறது. கொக்கிப் பாரம் எனத்தக்க இந்த எடை, டிராக்டரின் பின்னச்சுக்கு அப்பால் விழுவதால் பின்சக்கரங்களை அழுத்துவதோடு முன்சக்கரங்களைத் தூக்கவும் முயல்கிறது. முன்சக்கரங்கள் தரையைப் பற்றாதபோது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மாறாக, மூட்டைகள் டிரெய்லரின் பின்கோடியில் குவிந்தால் கொக்கி மேல்நோக்கி இழுபட்டு, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு தளர்ந்து, டிரெய்லர் பக்கவாட்டில் அலையக்கூடும்.

ஓட்டுநரும் டீசலும் உள்ள தனி டிராக்டர் எடைமேடையில் 1,900 கிலோவும், அதன் முன்னச்சு மட்டும் 700 கிலோவும் காட்டுவதாகக் கொள்வோம். பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்களை மேடைக்கு வெளியே நிறுத்தி, டிராக்டரை மட்டும் எடையிட்டால் 2,400 கிலோவும், முன்னச்சில் 580 கிலோவும், இரு வண்டிகளும் சேர்ந்து 6,400 கிலோவும் வருமானால், கொக்கிப் பாரம் 500 கிலோ, டிரெய்லரின் மொத்த எடை 4,500 கிலோ என்பது கழித்தலிலேயே தெரிந்துவிடும். டிராக்டரின் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு முன்னச்சில் இருக்க வேண்டும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுவிதி. 580 கிலோ அதற்கு மேலேயே நிற்கிறது. எனினும் கொக்கி, பின்னச்சு, டயர் ஆகியவை தாங்கும் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

இழுக்கும் வண்டியைவிட இழுபடும் வண்டி இருமடங்குக்கும் மேல் கனமாக இருக்கையில், தனி பிரேக் இல்லாத டிரெய்லரையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்குகளே நிறுத்தியாக வேண்டும். இறக்கத்தில் திடீரென பிரேக் பிடித்தால் டிரெய்லர் பின்னிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே திருப்பிவிடக்கூடும் என்பதால், இறங்கத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாறுவதும், சாலையில் இடது, வலது பிரேக் பெடல்களைப் பூட்டி இணைத்திருப்பதும் இன்றியமையாதவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அளவுக்கு மீறிய பாரத்திற்கு 20,000 ரூபாயும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக விதிக்கிறது. ஆனால் கவிழும் வண்டியின் இழப்பு எந்தத் தண்டத்தையும்விடப் பெரிது.

எடைமேடை காட்டாத ஒன்றும் உண்டு: வைக்கோல் எடையில் குறைந்ததாயினும், உயர அடுக்கும்போது பாரத்தின் மையம் மேலேறி வளைவுகளில் வண்டி கவிழ வழிவகுக்கிறது. ஆகவே நெல், செங்கல், மணல் என ஒவ்வொரு சரக்கையும் ஒருமுறை இவ்வாறு எடையிட்டு, பாதுகாப்பான பாரம் எட்டும் உயரத்தை டிரெய்லரின் பக்கப் பலகையில் வண்ணக் கோடாக வரைந்து, வைக்கோலுக்கும் உயர வரம்பு ஒன்றை வகுத்துக்கொண்டால், அவசரமான அறுவடை நாளிலும் ஏற்றுவோருக்கு வரம்பு கண்ணெதிரே இருக்கும்.